சிவப்பியின் வயிற்றில் காந்தம்

செப்டம்பர் 6, சனி

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. ஜாசின் ஊர் முழுக்க ஈர வாடை.

சிவப்பிக்குப் புது மோட்டார் வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையில் பழைய பேப்பர் விரித்து, பேட்டரியில் இணைத்து, மெதுவாகச் சுழல விட்டிருக்கிறேன். புது மோட்டாரை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது. கொஞ்சம் தானாக ஓடிப் பழகட்டும். கொசு மாதிரி சத்தம். படித்த கொசு.

நாத்தனார் சுங்கை ரம்பாயிலிருந்து போன். அது என்ன சத்தம் என்றாள். கார் என்றேன். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் பொம்மைக் காரா என்று சிரிப்பு. எத்தனை தடவை சொன்னாலும் இவளுக்கு ஏறாது. டிராக்கில் பள்ளம், பள்ளத்தில் காரின் மூக்கு, இரண்டு பக்கமும் கரண்ட் ஓடும் இரும்புப் பட்டை. கையில் கண்ட்ரோலர். விசையை இழுத்தால் ஓடும், விட்டால் நிற்கும். வளைவில் விடாமல் இழுத்தால் பறந்து போய்க் கீழே விழும். காரைச் செய்பவள் நான், ஓட்டுபவர் உன் அண்ணன், இதில் உனக்கு என்ன கஷ்டம் என்று கேட்டு வைத்துவிட்டேன்.

செய்ய வேண்டியவை:
– பின் டயர் தேய்க்கணும். வலது பக்கம் மேடு.
– அச்சுக்கு எண்ணெய். ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.
– பொம்மை டிரைவரின் மூக்குக் கண்ணாடிக்குப் பெயிண்ட்.
– முருங்கைக்கீரை ஆய.

ஜோடி ரேஸ் அக். 12. தீபாவளிக்கு முந்திய வாரம், ஞாயிறு. மலாக்கா டவுனில் சேகரின் திரைச்சீலைக் கடை மாடியில் போட்டிருக்கும் டிராக்கில். அறுபதுகளின் மாடல் கார்கள் மட்டும். போர்டில் ஓட்டுபவர் பெயரும் காரைத் திறந்து வேலை பார்ப்பவர் பெயரும் ஜோடியாக எழுதுவார்கள். மாடி ஆரம்பித்த நாளிலிருந்து முதல் வரி ‘ராஜு – புஷ்பா’. எங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட அவ்வளவு பெரிய எழுத்து இல்லை.

இவர் சலூனிலிருந்து வந்தார். இப்போதெல்லாம் முகம் மழிக்கவும் சலூன். எஸ்டேட் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணிக்கு வந்த வாழ்வு. டீ அரைக் கப் போதும் என்றார். போன ஞாயிறு பயிற்சியில் சிவப்பியை மூன்று தடவை பறக்கவிட்டார், அந்தக் கடுப்பு எனக்கு இன்னும் போகவில்லை. நியாலாஸ் ஊர்ப் பையன் தினேஷ் மாதிரி ஒரு விரல் கிடைத்தால் சிவப்பி எங்கேயோ போய்விடுவாள் என்று சும்மா சொன்னேன். சிரித்தார். டீயைக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்.

செப். 9, செவ்வாய்

வெயில். நான் வேலை பார்க்கும் ஸ்கூல் லேபில் மூன்று பீக்கர் உடைந்தது. பிள்ளைகள் அல்ல, டீச்சர்.

ஞாயிறு மோட்டாரை மாட்டிக் கொடுத்தேன். நேற்று ஆபீஸ் முடிந்து டவுனுக்குப் போய் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எடுத்துப் போனார். இன்று கியர் சரியாகக் கடிக்கிறதா பார்க்கலாம் என்று கவிழ்த்தேன்.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்தது.

நான் பாடி ஸ்க்ரூவைக் கடைசிவரை இறுக்கமாட்டேன். அரைச்சுற்று தளர்த்தி விடுவேன். மேல் பாடி லேசாக ஆடினால்தான் வளைவில் வண்டி சாயாது. இது எனக்கு என் கையெழுத்து மாதிரி. யாரோ அழித்திருக்கிறார்கள்.

திறந்தேன். வேறு எண்ணெய் வாசனை. மோட்டாருக்குப் பின்னால், அடித்தட்டோடு ஒட்டி, சின்னச் சதுரக் காந்தம்.

காந்தம் டிராக்கின் இரும்பைப் பிடித்துக்கொள்ளும். எப்படி இழுத்தாலும் கார் பறக்காது. விதியில் தடை இல்லை, மாடியில் பாதிப் பேர் போடுகிறார்கள். நான் போட்டதே இல்லை. புதுக் கார் வாங்கினால் முதல் வேலை, காந்தத்தைப் பிடுங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுவது. எங்கள் ஃபிரிட்ஜ் கதவைப் பார்த்தாலே தெரியும், இந்த வீட்டில் கார் எப்படி ஓடும் என்று.

ஒட்டிய விதம் சுத்தம். பசை ஒரு இடத்திலும் வழியவில்லை. மூலைகள் நேராக. அதுதான் வயிறு எரிகிறது. கன்னாபின்னாவென்று ஒட்டியிருந்தால் இவரே செய்தார் என்று விட்டிருப்பேன்.

சட்டையில் வேறொருத்தியின் தலைமுடி இருந்திருந்தால் கேட்டிருப்பேன். இதை எப்படிக் கேட்பது? மூடி வைத்துவிட்டேன்.

இரவுக்கு ரசம், அப்பளம். உப்பு கூடிவிட்டது.

செப். 11, வியாழன்

கேட்டேன். சுற்றி வளைத்துத்தான். காந்தம் போடுபவர்கள் எல்லாம் ஓட்டத் தெரியாதவர்கள், இல்லையா என்றேன்.

“எந்தக் காந்தம்?” என்றார். நான் ‘போடுபவர்கள்’ என்றுதானே சொன்னேன். இவருக்குப் பொய் சொல்ல வராது. உடனே ஃபிரிட்ஜைப் பார்த்தார்.

யாராக இருக்கும்?
சேகர் – இல்லை. அந்த விரல்களுக்கு அந்த ஸ்க்ரூ அகப்படாது.
தினேஷ் – அவன் காரைத் திறந்தால் உள்ளே முடி, தூசி, ஒரு தடவை பிஸ்கட் துண்டு. ஓட்டத்தான் தெரியும்.
தங்கா பத்து ஊர் ரோகிணி – ?

ரோகிணி அக்கா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், பல் டாக்டரிடம் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். கல்யாணம் இல்லை. கோயில் அல்ல, சர்ச். தன் காரைத் தானே செய்து தானே ஓட்டுவார். வழக்கமாக இவருக்குப் பக்கத்து லேன். என்னிடம் ‘குட் ஆஃப்டர்நூன்’ தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் ஏன் என் காரைத் தொட வேண்டும்?

பல்லில் சிமெண்ட் அடைத்துப் பழகிய கை. பசை வழியாது.

எழுதிவிட்டேன். இனி இதை யோசிக்காமல் இருக்க முடியாது.

செப். 13, சனி

மப்பு. மழை வரவில்லை.

காந்தத்தைப் பிடுங்கினேன். இவர் மார்க்கெட் போன நேரம். பழைய பசையைச் சுரண்டி, ஸ்பிரிட் விட்டுத் துடைத்தும் சதுரமாக ஒரு தடம் நிற்கிறது. ஸ்க்ரூவை அரைச்சுற்று தளர்த்தினேன். கரண்ட் வாங்கும் செம்புப் பின்னலை மூக்கின் அடியில் லேசாக விரித்துவிட்டேன். பின் டயரைத் தேய்த்தேன். எல்லாம் என் முறைப்படி.

பின்கட்டில் எங்கள் சின்ன டிராக்கைப் போட்டு நானே ஓட்டினேன். அழகு. நேர்ப்பாதையில் ஒரு சீறல், வளைவில் பின்பக்கம் லேசாகச் சறுக்கி, உடனே நிமிர்ந்து. அடங்காத பிள்ளை, ஆனால் என் பிள்ளை.

பொறாமைதான். வேறு பெயர் எதற்கு? என் நோட்டு, யார் படிக்கப் போகிறார்கள். அந்தப் பெண்மணியின் வேலை சுத்தமாக இருந்தது, அதை இவர் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார், என்னிடம் மறைத்திருக்கிறார். நான் என்ன, செத்தா போய்விட்டேன்? ஸ்க்ரூடிரைவர் பிடிக்கத் தெரியாமலா போய்விட்டது?

காந்தத்தை ஃபிரிட்ஜில் மற்றவற்றோடு ஒட்டினேன். நடுவில். கண்ணில் படட்டும் என்றுதான்.

இவர் நாசி லெமாக் சோற்றைத் தாப்பாவ் பொட்டலமாக வாங்கி வந்தார். ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்தார். பார்க்கவில்லை. சிவப்பி நாளைக்கு ரெடியா என்றார். ரெடி என்றேன்.

செப். 14, ஞாயிறு

சேகர் மாடி. மத்தியானம். ஏர்கோன் ஒரு பக்கம் மட்டும்.

மாடியில் ஒரு சட்டம் உண்டு. காரைக் கடைசியாக யார் திறந்தாரோ அவர் பெரிய வளைவைச் சுற்றிப் போட்ட நாற்காலியில் உட்கார வேண்டும். கார் பறந்தால் அவர்தான் எடுத்து மறுபடி பள்ளத்தில் வைக்க வேண்டும். வேறு யாரும் தொடக்கூடாது, ஓட்டுபவரும் கண்ட்ரோலரை விட்டு வரக்கூடாது, தானே செய்து தானே ஓட்டுபவருக்கு மட்டும் விலக்கு. சேகர் போட்டது. செய்த வேலையின் லட்சணம் செய்தவருக்குத் தெரிய வேண்டும் என்பான்.

ஆகவே நான் வளைவில். ரோகிணி அக்கா எதிர்ப்பக்க நாற்காலியில், அவர் முறை இன்னும் வரவில்லை.

சிவப்பி கிளம்பினாள். நேர்ப்பாதையில் போன வேகத்தில் எல்லாரும் திரும்பினார்கள். எனக்குப் பெருமை. பெரிய வளைவு. இவர் விசையை முழுதாக விடவே இல்லை. விட்டு, இழுத்து, விட்டு, இழுத்து, ஏதோ திக்கித் திக்கி வந்தது மாதிரி. பறந்தாள். கம்பித் தடுப்பில் மோதி, கவிழ்ந்து, தரையில். முன் மட்கார்டு ஒரு துண்டு தனியாக ஓடியது.

எழுந்தேன்.

எதிரே ரோகிணி அக்காவும் எழுந்தார்.

ஒரு காரை எடுக்க இரண்டு பேர் எழுந்து நிற்கிறோம். மாடியே பார்க்கிறது. அவர் கை பாதி நீட்டியிருந்தது. என்னைப் பார்த்தார், காரைப் பார்த்தார், கவிழ்ந்து கிடந்த வயிற்றில் காந்தம் இல்லாததைப் பார்த்தார். உட்கார்ந்தார்.

தினேஷ் மெதுவாக யாரிடமோ, “யாருலா கடைசியா தொறந்தது?” என்றான். நான்தான் என்று உரக்கச் சொன்னேன்.

இவர் திரும்பவே இல்லை. கண்ட்ரோலரைப் பிடித்தபடி டிராக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது.

வீடு திரும்பினோம். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்து ஓட்டினார்.

செப். 15, திங்கள்

மட்கார்டு ஒட்டியாயிற்று. கோடு தெரிகிறது.

பேசவில்லை. அவரும் பேசவில்லை. சாம்பார் தீய்ந்தது, அதைப் பற்றியும் பேசவில்லை.

திரும்பத் திரும்ப ஒன்றே வருகிறது. அந்தப் பெண்மணி எழுந்த வேகம். யோசிக்காமல் எழுந்தார். நம் குழந்தை விழுந்தால் அப்படித்தான் எழுவோம்.

அந்த மாதிரி சந்தேகம் இல்லை. இருந்திருந்தால் சுலபம், சண்டை போடத் தெரியும். இவர் வேறொரு வீட்டு மேசையில் சிவப்பியைக் கவிழ்த்து வைத்து, ‘இங்கே பாருங்க’ என்று குனிந்து காட்டியிருப்பார். அவர்கள் இரண்டு பேர் தலையும் ஒரே விளக்கின் கீழ். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நாளை விடுமுறை. தங்கா பத்து போகிறேன்.

செப். 16, செவ்வாய். மலேசியா தினம்

எங்கும் கொடி. ரோட்டில் கூட்டம். தனியாகவே ஓட்டிப் போனேன். இவரிடம் மைடின் சூப்பர்மார்க்கெட்டுக்கு என்று சொன்னேன். நானும் பொய்.

ரோகிணி அக்கா வீடு, வாசலில் ஆர்க்கிட். உள்ளே ஜன்னல் ஓரம் மேசை. பல் சுரண்டும் கருவிகள் வரிசையாக, ஒரு துணியில். எனக்கு அப்படி ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்தும் எரிந்தது.

நின்றபடியே கேட்டேன், என் காரைத் திறக்க யார் சொன்னது என்று.

மறுக்கவில்லை. உங்கட வீட்டுக்காரர்தான் கொண்டு வந்தவர் என்றார். உட்காரச் சொன்னார். டீ போட்டார். பருத்தித்துறை வடை ஒரு தட்டில் வைத்தார். தொடவில்லை. உங்களுக்கு என் வேலையில் என்ன குறை தெரிந்தது என்றேன்.

“ஒரு குறையும் இல்லை, புஷ்பா. உங்கட கார் நல்ல கார். ஆனா அது நடுங்காத விரலுக்குச் செய்த கார்.”

புரியவில்லை. என்ன நடுக்கம் என்றேன்.

அவர் டீக் கோப்பையை வைத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். இரக்கம் மாதிரி. அது இன்னும் மோசம்.

“உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன். நீங்கள் எப்பவும் காரைத்தான் பாக்கிறியள். நான் பக்கத்து லேன். எனக்கு அவற்ற கை தெரியும்.”

சீனப் புத்தாண்டு சமயத்தில் கவனித்தாராம். விசையில் விரல் தானாகத் துடிக்கிறது. இழுக்காதபோதும் இழுக்கிறது. போன மாதம் இவரிடம் நேராகவே கேட்டிருக்கிறார், டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார். பிறகு ஒரு நாள் இவர் சிவப்பியோடு வந்து நின்றிருக்கிறார், தன் கைக்கு ஏற்ற மாதிரி ஏதாவது செய்ய முடியுமா என்று.

நான் பிடுங்கி எறிந்தது அதைத்தான்.

திரும்பும் வழியில் கடற்கரை ஓரம் காரை நிறுத்தினேன். காற்று பலம். அழுகை வரவில்லை. முதலில் வந்தது என்ன தெரியுமா? ஐயோ அவருக்கு நடுக்கமா என்று வரவில்லை. இவளுக்கு எனக்கு முன்னால் தெரிந்திருக்கிறதே என்றுதான் வந்தது. மற்றது அப்புறம்தான். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் உண்மை.

அரைக் கப் டீ. சலூனில் முகம் மழிப்பது. பட்டன் சட்டையெல்லாம் அலமாரியில் கிடக்க டீ-ஷர்ட். பேங்க் ஃபாரத்தை ‘நீ எழுது, உன் எழுத்து அழகு’ என்றது. எல்லாம் நான் பார்த்தவை. பார்த்து, கிண்டலும் செய்தவை.

சாயங்காலம். டீயை விளிம்புவரை ஊற்றி இவர் முன்னால் வைத்தேன்.

எடுக்கவில்லை. கப்பைப் பார்த்தார், பிறகு என்னை.

“தங்கா பத்து போனியா?”

ஆமாம் என்றேன். கிளினிக் போனாராம். வயதில் சிலருக்கு வருவதுதான், பயப்படும் வியாதி இல்லை என்றார்களாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். மாத்திரை எங்கே என்றேன். ஆபீஸ் டிராயரில்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். கத்தவில்லை.

“சொன்னா, நீ தினேஷுக்குக் கார குடுத்துடுவே.”

“யாரு சொன்னா?”

“நீதான்லா சொன்னே. இந்த மேசையில.”

சொல்லியிருக்கிறேன். மேலே எழுதியும் வைத்திருக்கிறேன். இத்தனை நாள் நான் இங்கே புகைந்துகொண்டிருந்தபோது அவர் அங்கே அதே புகைச்சலில். நியாலாஸ் பையன் ஒருத்தனைப் பார்த்து.

அவர் கப்பிலிருந்து பாதியை என் கப்பில் ஊற்றிக்கொண்டேன். பிறகு எடுத்துக் குடித்தார். இரண்டு கையால்.

செப். 17, புதன்

புரட்டாசி பிறந்தாயிற்று. இனி மீன் இல்லை.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிட்டது. ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறார்.

சிவப்பியை அவர் விரலுக்குச் செய்யப் போகிறேன். நான். வேறு யாரும் இல்லை.

செப். 20, சனி

பிரச்சினை: என் விரல் நடுங்காது. நான் ஓட்டினால் எப்படிச் செய்தாலும் நன்றாகத்தான் ஓடும். அவரையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னால் முகம் வாடிவிடும். வேலை முடியும்வரை அவரைக் கூப்பிடக் கூடாது.

துணி துவைக்கும்போது வழி கிடைத்தது. பிழிகிற நேரத்தில் எங்கள் வாஷிங் மெஷின் பேய் பிடித்தது போல ஆடும். டிராக் பக்கத்தில்தான் இருக்கிறது. முழங்கையை மெஷின் மூடியில் ஊன்றி, கண்ட்ரோலரைப் பிடித்தேன். விரல் துடித்தது. சிவப்பி முதல் வளைவிலேயே சுவரில்.

இதுதான் அன்றைக்கு அவருக்கு நடந்தது.

பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் காக் சித்தி வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். மெஷின் கெட்டு ரோசாக் ஆகிவிட்டதா, நான் ஏன் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று மலாயில் கேட்டாள். டெஸ்ட் என்றேன். பாவம், போய்விட்டாள்.

துவைத்த துணியையே மறுபடி துவைக்கிறேன். இவர் சட்டையெல்லாம் வெளுத்துவிடும்.

செப். 21, ஞாயிறு

பின்சக்கரப் பல்வட்டைப் பெரியதாக மாற்றினேன். இழுத்தவுடன் பாயாது, நிதானமாக எழும்பும். நல்லது.
மெத்தென்ற டயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் கெட்டியானது. மெத்தென்றது வளைவில் கவ்வி வண்டியைச் சாய்க்கிறது. கெட்டியானது சறுக்கிக்கொண்டாவது நிற்கும்.
மோட்டாருக்கு அடியில் ஈயத் தகடு, நகத்தளவு.
கண்ட்ரோலருக்குள் பேனா ஸ்பிரிங் ஒன்றைச் சேர்த்தேன். விசை கெட்டியானால் சின்ன நடுக்கம் அதை அசைக்காது. இது என் சொந்த யோசனை. தங்கா பத்தில் இது தோன்றியிருக்காது.

மெஷினில் கை வைத்து ஓட்டினேன். இப்போது எல்லா வளைவிலும் நிற்கிறாள். ஒன்றில் மட்டும் பறக்கிறாள். சுருக்கமான வளைவு. பத்தில் பாதி.

காந்தம் இல்லாமல் முடிக்கப் பார்க்கிறேன். முடிக்காமல் விடமாட்டேன்.

செப். 28, ஞாயிறு

முடியவில்லை.

காந்தம் போடத்தான் வேண்டும். சரி, போடுகிறேன், ஆனால் என் இடத்தில். முன்னால் வைத்தேன் – மூக்கு தரையில் உரசியது. நடுவில் – நேர்ப்பாதையில் ஊர்கிறது. அச்சுக்கு அருகில் – பிடித்துப் பிடித்துத் திடீரென்று விடுகிறது, அதுதான் ஆபத்து. நாள் முழுக்க. மெஷின் சூடாகிவிட்டது.

கடைசியில் எந்த இடத்தில் சரியாக நின்றது? அந்தச் சதுரப் பசைத் தடம். ஒரு மயிரிழை இப்படி அப்படி இல்லை.

ஸ்பேனரை மேசையில் போட்டுவிட்டு வெளியே போய்க் கறிவேப்பிலை பறித்தேன். தேவைக்கு மேல்.

அக்டோபர் 4, சனி

மழை, வெயில், மழை.

ரோகிணி ஒட்டிய இடம்தான். ஆனால் அவள் காந்தம் அல்ல. எங்கள் முதல் காரிலிருந்து பிடுங்கியது ஒன்று ஃபிரிட்ஜ் மூலையில் இருந்தது, பாதி அளவு, வலு குறைந்தது. என் கியரும் டயரும் இருப்பதால் அதுவே போதும். வளைவில் லேசாகச் சறுக்குவாள், ஆனால் ஒட்டிக்கொண்டு கிடக்கமாட்டாள். ரோகிணி போட்டது கட்டிப் போட்ட மாதிரி. இது கை பிடித்து நடத்துகிற மாதிரி.

பிறகுதான் இவரைக் கூப்பிட்டேன். ஓட்டினார். முதல் தடவையாக என் முன்னால் கையை மறைக்காமல்.

“பாரு,” என்றார். டிராக்கை அல்ல, விரலை.

பார்த்தேன். சுட்டுவிரல் துடித்துக்கொண்டே இருந்தது. சிவப்பி அது தெரியாத மாதிரி ஓடினாள். எனக்கு டிராக் பக்கம் கண் போகவில்லை.

அக். 11, சனி

முறுக்கு சுட்டேன். நாத்தனார் வந்து பிழிந்து கொடுத்தாள். டிராக்கை வேடிக்கை பார்த்தாள். அண்ணன் கையையும் பார்த்தாள் போல, ஒன்றும் கேட்கவில்லை.

சேகர் போன், போர்டில் என்ன எழுதட்டும் என்று. இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ரோகிணி பெயரும் போட வேண்டுமா என்று கண்ணாலேயே கேட்டார். எனக்குத் தெரிந்தது. நியாயமாகப் பார்த்தால் போட வேண்டும். இடம் அவர் சொன்ன இடம்.

“போன வருசம் மாதிரியே எழுது சேகர்,” என்றேன்.

நியாயமாக நடக்க இன்னொரு நாள் இருக்கிறது. அவர் காந்தம் ஃபிரிட்ஜ் கதவில் பத்திரமாக இருக்கிறது, அதுவே மரியாதை.

சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை திறந்து மூடினேன். ஒன்றும் செய்யவில்லை. சும்மா. கடைசியாகத் திறந்தது நான் என்று இருக்க வேண்டும்.

அக். 12, ஞாயிறு

வெயில் கொளுத்தியது. மாடியில் நல்ல கூட்டம். போர்டில் முதல் வரி சரியாக இருந்தது, பார்த்துக்கொண்டேன்.

ரோகிணி அக்கா வந்ததும் குட் ஆஃப்டர்நூன் என்றார். நானும். சிவப்பியைக் கவிழ்த்து அவரிடம் காட்டினேன். ஏன் காட்டினேன்? பாராட்டு வேண்டியிருந்தது, அவ்வளவுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். சின்னக் காந்தம், நல்லது என்றார். பேனா ஸ்பிரிங்கைச் சொன்னேன். அது எனக்குத் தோன்றவில்லை என்றார். அந்த வாக்கியத்தை வீடு வரைக்கும் கொண்டு வந்தேன்.

நான் வளைவில். அவர் தன் சுற்றை முடித்துவிட்டு என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். இவர் மூன்றாம் லேன், தினேஷ் நான்காம் லேன்.

விளக்கு பச்சை. நான் இவர் கையைப் பார்த்தேன். இத்தனை வருடம் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்ப்பது மாதிரி. விரல் துடிக்கிறது, இழுக்கிறது, விடுகிறது. நேர்ப்பாதையில் துடிப்பு குறைவு. வளைவு வரும்போது தோளும் சேர்ந்து இறுகுகிறது. உதட்டைக் கடித்துக்கொள்கிறார். இதெல்லாம் எப்போதிருந்து?

திடீரென்று ஒரே சத்தம். எல்லாரும் கத்துகிறார்கள். எதற்கு என்று தெரியவில்லை. இவர் விரல் விசையை விட்டுவிட்டு நின்றது. அதைத்தான் பார்த்தேன்.

“புஷ்பா, காரு,” என்றார் இவர், திரும்பாமல்.

சிவப்பி பறந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை. ரோகிணி அக்காவின் செருப்புக்குப் பக்கத்தில் கவிழ்ந்து, சக்கரம் சுற்றிக்கொண்டு கிடந்தாள். குனிந்தால் போதும், அவர் எடுத்துவிடலாம். எடுத்திருந்தால் நேரமும் மிச்சம். அவர் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“எடுங்கோ,” என்றார். “உங்கட கார்.”

ஓடிப் போய் எடுத்து வைத்தேன். மூக்கு பள்ளத்தில் இறங்கவில்லை, என் கை நடுங்கியது. இரண்டாம் தடவை இறங்கியது. சிவப்பி கிளம்பினாள். அதற்குப் பிறகு பறக்கவில்லையாம். மூன்றாவதாக வந்தாள். தினேஷ் முதல். இவர் தினேஷுக்குக் கை கொடுத்தார், நடுங்கும் கையையே.

வரும் வழியில் இவர் கேட்டார், கடைசிச் சுற்றில் பெரிய வளைவில் எப்படித் திரும்பினாள், சறுக்கினாளா என்று. செய்தவளுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. தெரியாது என்றேன். பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய் என்றார். ரோகிணி அக்காவைக் கேளுங்கள், அவர்தான் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்றேன்.

ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ரோகிணி அக்கா தீபாவளிக்கு என்று இரண்டு பாக்கெட் பருத்தித்துறை வடை கொடுத்தனுப்பியிருக்கிறார், ஆளுக்கு ஒன்று. இவருடையது பெரிது. எடை போட்டுப் பார்க்கவில்லை. கையில் தூக்கினாலே தெரிகிறது.